காரில் பெட்ரோல் வாடை: கசிவைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

நல்ல நிலையில் இருக்கும் காரில் பெட்ரோல் வாடை வரக் கூடாது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று பலரும் சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தச் சமாதானத்தை ஏற்க வேண்டாம். இன்றைய கார்களில் டேங்கிலிருந்து இன்ஜின் வரை பெட்ரோல் செல்லும் வழி முழுவதும் மூடிய வழி. டேங்குக்குள் எழும் ஆவிகூட வெளியே போகாமல் கேனிஸ்டர் எனப்படும் கரிப் பெட்டியில் பிடித்துவைக்கப்படுகிறது. ஆகவே வாடை மூக்குக்கு எட்டுகிறது என்றால் அந்த வழியில் எங்கோ ஓரிடம் திறந்துகொண்டிருக்கிறது, அல்லது இன்ஜினுக்குள் போன பெட்ரோல் முழுதாக எரியாமல் சைலன்சர் வழியே வெளியேறுகிறது, அல்லது காருக்குள் எப்போதோ சிந்தியது இன்னும் போகவில்லை. இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. சரிசெய்வது பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையத்தையோ ஒரு சாண் நீளக் குழாயையோ மாற்றுவதோடு முடிந்துவிடும்.

தேடும் வேலையில் பலரும் வழி தவறுவது மூக்கை மட்டும் நம்புவதால்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கசிந்த இடத்திலிருந்து கீழே இறங்கி, வண்டியின் அடிப்பாகத்தோடு ஊர்ந்து, காற்று எங்கே இழுக்கிறதோ அங்கே போய்ச் சேரும். பானெட்டுக்குள் கசியும் பெட்ரோல், முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக ஏறி ஏ.சி. துளைகளிலிருந்து வீசும். டேங்கில் கசிவது, தேய்ந்துபோன டிக்கிக் கதவு ரப்பரின் இடைவெளியில் நுழைந்து, முன்சீட்டில் இருப்பவருக்குத் தன் காலடியிலிருந்தே வருவதுபோலத் தோன்றும். மூக்குக்கு இன்னொரு குறையும் உண்டு: சில நிமிடம் அந்த வாடையிலேயே இருந்தால் அது பழகிப்போய், வாடை குறைந்துவிட்டதாக நினைக்க வைக்கும். ஆகையால் வாடை எங்கே அடிக்கிறது என்று தேடப் புறப்படும் முன், அது எப்போது அடிக்கிறது என்று சில நாள் கவனித்து எழுதிவைப்பதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும் பொருள். காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே பற்றுவதற்குப் போதும். பேட்டரி முனையில் தெறிக்கும் சிறு பொறி அதைப் பற்றவைத்துவிடும். ஆகவே வண்டியின் கீழே பெட்ரோல் சொட்டுவதையோ தரையில் அதன் ஈரத்தையோ கண்டால், இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் எண்ணமே வேண்டாம். வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நெடி ஏறினால், ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அனைவரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். பானெட்டின் விளிம்பில் புகை தெரிந்தால் அதைத் திறக்கக் கூடாது. திறந்தவுடன் உள்ளே புகும் காற்று தீயை மேலே கிளப்பிவிடும்.

சோதனை வேலை எதையும் மூடிய கொட்டகைக்குள் செய்யாமல் திறந்தவெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டார்ச் போதும், பழைய குண்டு பல்பு விளக்கு கைதவறி விழுந்து உடைந்தால் அதன் சூடான இழையே தீவைத்துவிடும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரின் மேல் மிதந்து பரவும் என்பதால், உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறது. தோலில் படாமலும், கசிவைத் தேடுகிறேன் என்று நெடுநேரம் முகர்ந்துகொண்டே இருக்காமலும் பார்த்துக்கொள்வது நல்லது. வண்டியின் அடியில் போக வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டுவிட்டே போக வேண்டும்.

வாடை வரும் நேரம்

ஒரு சிறு நோட்டில் ஒரு வாரம் எழுதிவைத்தால் போதும். வாடை வந்தபோது டேங்க் நிறைந்திருந்ததா, பாதியா, கால் பங்கா. இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா. வண்டி ஓடியதா, சிக்னலில் நின்றதா, நிறுத்திச் சற்று நேரம் ஆகியிருந்ததா. வளைவில் திரும்பும்போது வந்ததா. டேங்க் நிரப்பிய பிறகு வந்து, பாதிக்குக் கீழே இறங்கியதும் தானாக மறைந்துவிடும் வாடை டேங்கின் மேல்பாகத்தையோ நிரப்பும் குழாயையோ காட்டுகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடம் மட்டும் வந்து, சூடேறியதும் நின்றுவிடும் வாடை, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களைக் காட்டுகிறது. குளிரில் சுருங்கி விறைத்த ரப்பர், சூட்டில் விரிந்து மறுபடி அடைத்துக்கொள்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் நிறுத்திய கால் மணி நேரத்தில் பானெட் பக்கம் கிளம்பும் வாடைக்குக் காரணம், சிறு ஈரம் சூட்டில் ஆவியாவது. ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போனதால் தெரியாமல் இருந்த கசிவு, நின்றதும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. நிற்கும்போது பின்பக்கத்திலிருந்து வந்து, கண்ணையும் சேர்த்து எரியவைத்தால், அது எரியாத பெட்ரோல்.

உள்ளே வரும் வாடைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாடை வரும் நேரத்தில் ஏ.சி.யை வெளிக்காற்று வரும் நிலையிலிருந்து உட்காற்றே சுழலும் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். வாடை தணிந்தால் அது பானெட் பக்கமிருந்து காற்றோடு வருகிறது. தணியாமல் இன்னும் கூடினால் ஆவி ஏற்கெனவே உள்ளே, பெரும்பாலும் பின்சீட்டின் அடியிலோ டிக்கியிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

டேங்க் நிரப்பிய பிறகு வரும் வாடை

டேங்க் மூடியிலிருந்து தொடங்குவது முறை. மூடியின் உட்புறத்தில் இருக்கும் ரப்பர் வாஷரை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத மயிரிழை வெடிப்புகள் திறந்துகொள்ளும். ரப்பர் கல்போல் இறுகியிருந்தாலோ, ஒரு பக்கம் தட்டையாக அழுந்தியிருந்தாலோ மூடியை மாற்ற வேண்டியதுதான். மூடி உட்காரும் உலோக விளிம்பில் துரு ஏறியிருந்தால் புது மூடியும் அடைக்காது என்பதால் அதையும் துணியால் துடைத்துப் பாருங்கள். டிக் என்ற சத்தம் வரும்வரை திருகுவது பழக்கமாகட்டும். ஆனால் ஒரு மூடியை மாற்றியும் வாடை போகாவிட்டால் இரண்டாவது மூடி வாங்காதீர்கள். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

அடுத்தது நிரப்பும் பழக்கம். குழாய் தானாக நின்ற பிறகும் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவது, டேங்கின் மேலே ஆவிக்கென்று விட்டிருக்கும் இடத்தையும் நிரப்பிவிடுகிறது. பெட்ரோல் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 1 சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 45 லிட்டர் பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 900 மில்லிலிட்டருக்குக் கூடுதல் இடம் கேட்கும். அந்த இடம் இல்லாதபோது பெட்ரோல் திரவமாகவே ஆவிக் குழாயில் ஏறி கேனிஸ்டருக்குள் போய்விடுகிறது. ஆவியை மட்டும் பிடித்துவைப்பதற்காக அமைந்த கரி நனைந்துவிட்டால் அதன் பிறகு வாடையை நிறுத்தும் வேலையை அது சரிவரச் செய்யாது. ஓரிரு முறை நடந்தால் காய்ந்து தேறிக்கொள்ளலாம். வழக்கமாகவே நடந்தால் கேனிஸ்டரை மாற்ற வேண்டியிருக்கும்.

நிரப்பும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாய் பின் சக்கரத்தின் மேல்வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பும் அங்கேதான் சேரும். இரும்புக் குழாயாக இருந்தால் அந்தச் சேற்றின் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழும். குழாயையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் துண்டு வெடித்திருந்தால், நிரப்பும்போதே சக்கரத்தின் பின்னால் சொட்டும். சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் தடுப்பை எடுத்துவிட்டு, அந்த ரப்பரை அழுத்தி வளைத்துப் பார்க்க வேண்டும்.

டேங்கின் மேல்பாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் சொந்த வண்டியில் மாதக்கணக்கில் என்னை அலைக்கழித்தது அதுதான். டேங்க் நிரப்பினால் மூன்று நாள் வாடை, பிறகு ஒன்றுமில்லை. காட்டிய பட்டறையில் மூடி என்றார்கள், மாற்றினேன். கேனிஸ்டர் என்றார்கள், அதையும் மாற்றினேன். பிறகுதான், இடப்பக்கம் வேகமாக வளையும்போது மட்டும் வாடை சட்டென்று ஏறுவது கவனத்துக்கு வந்தது. நிறைந்த டேங்கில் பெட்ரோல் அலைமோதி ஒரு பக்கம் ஏறுகிறது என்றால், அது தொடும் இடம் டேங்கின் உச்சிதான். பின்சீட்டைத் தூக்கி, கம்பளத்தின் அடியில் இருந்த வட்டத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் பம்பின் மூடியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் படிந்த மெல்லிய தூசு. அதில் ஓரிடத்தில் மட்டும், பிறைபோல, தூசு கழுவிவிட்டது போன்ற சுத்தமான பகுதி. ஈரம் இல்லை, சொட்டும் இல்லை. பெட்ரோல் கசிந்து ஆவியாகிவிட்டிருந்தது. தூசைக் கழுவிய தடம் மட்டும் மிச்சம். அடியில் இருந்த ஓரிங், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையம், ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து திரும்பி வராத நிலையில் இருந்தது.

அன்று முதல் கசிவைத் தேடும்போது ஈரத்தைவிடத் தடத்தையே முதலில் தேடுகிறேன். பெட்ரோல் ஈரம் அதிக நேரம் நிற்காது. தூசு படிந்த இடத்தில் கழுவிய கோடும், சுத்தமான உலோகத்தில் மஞ்சளும் பழுப்புமான கறையும் அது விட்டுச்செல்லும் அடையாளங்கள். ஆகவே தேடும் முன் இன்ஜினையோ அடிப்பாகத்தையோ தண்ணீர் அடித்துக் கழுவிவிடாதீர்கள். கழுவினால் சாட்சியமும் சேர்ந்து போய்விடும்.

பம்பின் ஓரிங்கை நீங்களே மாற்றலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு. டேங்கில் கால் பங்குக்குக் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். மூடியைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டாமல், அதற்கான கருவியாலோ பித்தளைத் துண்டாலோ திருப்ப வேண்டும். இரும்போடு இரும்பு மோதிப் பொறி பறக்கும் இடமல்ல அது. மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள தூசை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள், இல்லாவிட்டால் அது டேங்குக்குள் விழும். சாதாரண வாக்குவம் கிளீனரை அங்கே கொண்டுபோகவே கூடாது. அதன் மோட்டாரில் பறக்கும் பொறி, அது இழுக்கும் ஆவியிலேயே விழும். பழைய ஓரிங்கைத் துடைத்து மறுபடி போடுவதில் பயனில்லை. ஒருமுறை அழுந்திய ரப்பர், பெட்ரோலில் ஊறி உப்பியபின் மீண்டும் அதே பள்ளத்தில் சரியாக உட்காராது.

கேனிஸ்டரும் அதன் வால்வுகளும்

டேங்கின் ஆவி கேனிஸ்டரில் சேர்ந்து, இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு வழியாக இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். இந்த வழியில் ஓட்டை இருந்தால் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு குறியீடு கிடைக்கும். பி0457 என்றால் மூடி தளர்ந்திருக்கிறது என்ற ஊகம், பி0455 பெரிய ஓட்டை, பி0442 சிறியது, பி0456 மிகச் சிறியது. குறியீடு ஓட்டையின் அளவைத்தான் சொல்கிறதே தவிர இடத்தைச் சொல்வதில்லை என்பதை நினைவில் வைத்தால், குறியீட்டைப் பார்த்தவுடன் பொருளை வாங்கி மாட்டும் தவறு நேராது. விளக்கு எரியவில்லை என்பதும் ஆறுதல் அல்ல. பெட்ரோல் திரவமாகக் கசியும் குழாய்களைக் கண்காணிக்கும் சோதனை அல்ல இது. ஆவி வழியைக்கூட, டேங்கின் அளவு ஏறத்தாழ 15 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்போதுதான் பெரும்பாலான வண்டிகள் சோதித்துக்கொள்கின்றன.

பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்க வேண்டும். அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், டேங்க் நிரப்பியவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்; ஆன பிறகும் சற்று நேரம் திணறும். கேனிஸ்டர் பக்கக் குழாயைக் கழற்றி, இப்போதுதான் ஸ்டார்ட் செய்த குளிர்ந்த இன்ஜினில் வால்வின் வாயில் விரல் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் உறிஞ்சினால் வால்வு பழுது. வால்வுக்குள் கறுப்பு மணிகள் கிடந்தால் கேனிஸ்டர் உள்ளே உடைந்து கரி சிதறுகிறது என்று பொருள். இரண்டையும் சேர்த்து மாற்றி, இடையிலுள்ள குழாயையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கேனிஸ்டருக்கு வெளிக்காற்றை விடும் வால்வு தூசால் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் போடும்போது குழாய் அடிக்கடி தானாக நின்றுவிடும்; இது பலருக்கும் பங்க்கில் உள்ள பம்பின் கோளாறாகவே தோன்றும்.

கண்ணுக்குத் தெரியாத ஆவிக் கசிவுக்குப் பட்டறைகளில் புகை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினால், வெடிப்பு உள்ள இடத்தில் அது நூல்போல வெளியே வரும். இதற்குப் பதிலாக டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை டேங்கில் மாட்டிப் பார்ப்பது பெரிய ஆபத்து. டேங்க் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆவியோடு காற்றைக் கலந்து வெடிக்கும் கலவையையும் நாமே உண்டாக்குகிறோம்.

பானெட்டுக்குள்

இங்கே கசிவது ஆவியல்ல, அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல். சாதாரண இன்ஜெக்ஷன் வண்டியில் அந்த அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சூடான எக்ஸாஸ்ட் குழாய் ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. ஆகவே வாடை இந்தப் பக்கம் என்று தெரிந்தால், கசிவைக் கண்டு சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டுவதைத் தவிருங்கள்.

கசிவைத் தேட இன்ஜினை ஓடவிட வேண்டியதில்லை. ஆறிய இன்ஜினில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால் பெரும்பாலான வண்டிகளில் பம்பு ஏறத்தாழ 2 விநாடி ஓடி குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்கும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வோர் இணைப்பாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குச்சியின் முனையில் சுற்றிய வெள்ளைத் துடைப்புத் தாளால் இணைப்பின் அடிப்பக்கத்தை ஒற்றியெடுத்து முகர்ந்தால் தெரியும். ஒவ்வோர் இடத்துக்கும் புதுத் தாள் எடுத்தால்தான் குழப்பம் வராது. இன்ஜெக்டரின் மேல் ஓரிங் பழுதானால் பெட்ரோல் வெளியே வரும். கீழ் ஓரிங் பழுதானால் வாடை வராமல் இன்ஜின் காற்றை இழுத்து நடுங்கும். வாடைக்கு மேலே பார்க்க வேண்டும் என்றாலும், மாற்றும்போது எல்லா இன்ஜெக்டர்களிலும் இரண்டையும் மாற்றுவதே அறிவுடைமை; ஒன்று போன வயதில்தான் மற்றவையும் இருக்கின்றன. புது ஓரிங்கின் மேல் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவி, திருகாமல் நேராக அழுத்திப் பொருத்துங்கள். உலர்வாகத் தள்ளினால் விளிம்பில் சீவிக்கொண்டு, புதிதாகப் போட்டதே கசியும்.

பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பானெட்டுக்குள் இருக்கும் வண்டியாக இருந்தால், அதன் தலையில் மாட்டியிருக்கும் மெல்லிய வாக்குவம் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். அதில் பெட்ரோல் ஈரமோ நெடியோ இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. வேறு சோதனை தேவையில்லை, ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். அழுத்தம் சோதிக்கும் சிறு வால்வின் மூடியைத் திறந்து அங்கும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்ஜெக்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மிதவையின் ஊசி வால்வு. அதில் அழுக்குச் சிக்கினால் கிண்ணம் நிரம்பி வழியும்.

சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் உயரழுத்தப் பம்புக்கு அப்பால் இருக்கும் அழுத்தம் 200 பாரையும் சிலவற்றில் 350 பாரையும் எட்டும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அது உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். அந்தப் பகுதியில் ஒரு நட்டைக்கூட வீட்டில் தளர்த்தாதீர்கள். அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

சைலன்சரிலிருந்து வரும் வாடை

எங்கும் கசிவு இல்லாமல் பின்பக்கம் மட்டும் பச்சைப் பெட்ரோல் நெடி அடித்தால், இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது அல்லது ஒரு சிலிண்டர் எரிக்காமல் விடுகிறது. மைலேஜ் குறைந்திருக்கும், சைலன்சர் வாயில் கரி படிந்திருக்கும், பிளக்கைக் கழற்றினால் முனை கறுத்தோ நனைந்தோ இருக்கும். ஸ்கேனரில் பி0172 கலவையில் பெட்ரோல் அதிகம் என்பதையும், பி0300 வரிசைக் குறியீடுகள் சிலிண்டர் எரிக்கத் தவறுவதையும் சொல்லும். பிளக், காயில், ஆக்சிஜன் சென்சார், மூடாமல் ஒழுகும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் பார்க்கலாம். இதைத் தள்ளிப்போட்டால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அது பிளக்கைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள். ஆயில் அளவுக் குச்சியையும் எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. கோளாறைச் சரிசெய்தபின் ஆயிலையும் மாற்ற வேண்டும். சைலன்சர் புகை காருக்குள்ளும் வருவதாகத் தெரிந்தால் அதில் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வருகிறது; தலைவலி, குமட்டல் தெரிந்தால் அந்த வண்டியில் தொடர்ந்து பயணம் செய்யக் கூடாது.

கசிவே இல்லாத வாடையும் உண்டு. டிக்கியில் வைத்த பெட்ரோல் கேன், காலணியில் பட்ட துளி, கம்பளத்தில் சிந்தியது. கம்பளத்தையும் அடியிலுள்ள பஞ்சையும் கழற்றி, நிழலும் காற்றும் உள்ள திறந்தவெளியில் காயவைத்து, சமையல் சோடாவைத் தூவி ஒரு நாள் விட்டு எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பஞ்சு ஊறியிருந்தால் அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. வாசனைத் திரவியம் தெளிப்பதை மட்டும் செய்ய வேண்டாம். உண்மையான கசிவு ஒன்று பின்னால் வந்தால் அது தெரியாமல் போகும்.

குழாயை மாற்றும் முறை

எந்த இணைப்பைத் தொடும் முன்பும் அழுத்தத்தை இறக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், குழாயில் இருப்பது தீர்ந்து தானாக நின்றுவிடும். இன்னும் ஓரிரு முறை சில விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். பானெட்டுக்குள் ஈரக் கசிவு தெரிந்திருந்தால் இந்த வழி வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமலே, அழுத்தம் சோதிக்கும் வால்வில் அழுத்தம் அளக்கும் கேஜின் குழாயை மாட்டி ஒரு பாத்திரத்தில் இறக்குவதே பாதுகாப்பு. இறக்கிய பிறகும் சிறிது மிச்சம் இருக்கும் என்பதால் இணைப்பைத் துணி சுற்றியே தளர்த்த வேண்டும்.

ரப்பர் குழாய் வாங்கும்போது விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்ட குழாய் வேண்டும். ஆர்7 கார்புரேட்டர் வண்டிகளுக்கானது. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் குழாய்க்கு ஆர்10. தண்ணீருக்கான குழாயைப் போட்டால் எத்தனால் கலந்த பெட்ரோலில் அது வெகு சீக்கிரம் உப்பி வெடித்துவிடும். கிளாம்பும் அப்படித்தான்: பற்கள் வெட்டிய சாதாரணத் திருகு கிளாம்பு ரப்பரை அறுக்கும், விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளாம்பையே போட வேண்டும். நைலான் குழாயில் இணைப்பின் பூட்டுக் கிளிப் உடைந்திருந்தால் கம்பி கட்டிச் சமாளிக்காமல் கிளிப்பையே மாற்றுங்கள். துருவேறிய இரும்புக் குழாயை நடுவில் வெட்டி ரப்பர் துண்டால் ஒட்டுப்போடுவது, டேப் சுற்றுவது, பசை பூசுவது எதுவும் பெட்ரோல் குழாயில் நிலைக்காது. முழுக் குழாயையும் மாற்றுவதே பழுதுபார்ப்பு. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

வேலை முடிந்ததும் பேட்டரியை மாட்டி, சாவியை மூன்று நான்கு முறை ஆன் நிலைக்குத் திருப்பி, தொட்ட இணைப்புகள் எல்லாவற்றையும் புதுத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தாள் உலர்ந்து வந்தால் இன்ஜினை ஓடவிட்டு, சூடேறிய பிறகு அணைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒற்றுங்கள். இரவு வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அதைப் பாருங்கள். டேங்க் பக்கத்துப் பழுதாக இருந்திருந்தால், குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, பழைய நோட்டில் எழுதிய அதே சூழ்நிலையில், அதே வளைவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பின்சீட்டை அதன் இடத்தில் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும்.